நெட் அடிக்கடி கட் ஆகிறதா? ரவுட்டரை ஆஃப் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம்

நெட் போனதும் நம் கை தானாகப் போவது ரவுட்டரின் சுவிட்சுக்குத்தான். ஆஃப் செய்து, பத்து எண்ணி, ஆன் செய்தால் வந்துவிடுகிறது, நாமும் மறந்துவிடுகிறோம், மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடியும் போகிறது. இப்படியே இரண்டு மாதம் ஓட்டியவன் நான். ரீஸ்டார்ட் செய்வதில் தவறொன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் எப்போது என்ன நடந்தது என்று குறிக்கும் தங்கள் லாக் பதிவுகளைத் தற்காலிக நினைவில்தான் வைத்திருக்கின்றன, ஆஃப் செய்த நொடியில் அது அழிந்துபோகும், எரிந்துகொண்டிருந்த சிவப்பு லைட்டும் போய்விடும். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கக் கிடைத்த தடயத்தை நாமே துடைத்துவிட்ட கதைதான்.

அதனால் அடுத்த முறை போகும்போது சுவிட்சைத் தொடாதீர்கள். எது போனது என்று முதலில் பாருங்கள். "நெட் இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம், ஆனால் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் உள்ள வைஃபை போயிருக்கலாம், ரவுட்டரே தொங்கியிருக்கலாம், ரவுட்டரிலிருந்து வெளியே போகும் லைன் விட்டிருக்கலாம், எல்லாம் நன்றாக இருந்தும், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கலாம். நான்குக்கும் மருந்து வேறு. லைன் கோளாறுக்கு வைஃபை சேனலை மாற்றிக்கொண்டிருப்பதும், வைஃபை கோளாறுக்கு கஸ்டமர் கேரில் சண்டை போடுவதும்தான் இதில் அதிக நேரத்தைத் தின்னும்.

மூன்று பிங்

லேப்டாப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு லேன் கேபிளால் ரவுட்டரோடு நேராக இணையுங்கள். கேபிளில் நெட் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் விட்டு விட்டுப் போனால் பாதி விடை கிடைத்தாயிற்று, நேரே வைஃபை பகுதிக்குப் போய்விடலாம்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட், மேக்கில் டெர்மினல். முதலில் ரவுட்டரின் முகவரி வேண்டும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்ற கட்டளையைக் கொடுத்தால் டீஃபால்ட் கேட்வே என்ற வரிக்கு எதிரே இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இப்போது மூன்று விண்டோக்களைத் திறந்து ஒன்றில் அந்த ரவுட்டர் முகவரிக்கு பிங் (ping) கொடுங்கள், அதாவது "இருக்கிறாயா" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளை, இரண்டாவதில் கூகுளின் 8.8.8.8, மூன்றாவதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயர். விண்டோஸில் பிங் நான்கு முறை கேட்டுவிட்டு நின்றுவிடும். தொடர்ந்து ஓட வேண்டுமானால் கட்டளையின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு கழித்தல் குறியும் டி என்ற எழுத்தும் (-t) சேர்க்க வேண்டும். மேக்கிலும் லினக்ஸிலும் நிறுத்தும் வரை அதுவாகவே ஓடும். லேப்டாப் இல்லையென்றால் போனிலேயே பிங் கொடுக்க இலவச ஆப்கள் இருக்கின்றன, கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் வேலை நடக்கும்.

மூன்றையும் ஓடவிட்டு நெட் போகும் வரை காத்திருங்கள். போகும்போது எந்த விண்டோ முதலில் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

ரவுட்டருக்குப் போகும் பிங்கே நின்றால் கோளாறு வீட்டுக்குள்தான், வைஃபை அல்லது ரவுட்டர், வெளியே யாரையும் திட்டிப் பயனில்லை. ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் லைன், அல்லது லைனின் அந்தப் பக்கம். இரண்டும் பதில் சொல்கின்றன, ஆனால் தளங்கள் திறக்கவில்லை என்றால் மூன்றாவதை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள், ஓடிக்கொண்டிருக்கும் பிங் பெயரை ஆரம்பத்தில் ஒரு முறைதான் தேடும்; புதிதாகக் கொடுக்கும்போது பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ். மூன்றும் பதில் சொல்கின்றன, ஆனால் 20 மில்லிசெகண்டில் வந்துகொண்டிருந்தது திடீரென்று 900, 1500 என்று போகிறது என்றால் நெட் கட் ஆகவே இல்லை, நெரிசல். கடைசி ரகத்தைத்தான் நிறையப் பேர் கட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதோடு ஒரு காகிதத்தில் நேரத்தையும் குறித்து வையுங்கள். மூன்று நாள் குறித்தால் போதும். ஒழுங்கில்லாமல் போகிறதா, சரியாக இத்தனை மணிக்கொரு முறை போகிறதா, மழை பெய்தால் போகிறதா, சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது போகிறதா. இதைப் பார்த்தே பாதிக் கோளாறுகளைச் சொல்லிவிடலாம்.

ரவுட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா?

பிரௌசரில் அந்த ரவுட்டர் முகவரியை அடித்தால் அதன் செட்டிங்ஸ் பக்கம் வரும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். உள்ளே ஸ்டேட்டஸ் பக்கத்தில் அப்டைம் என்று ஒன்று இருக்கும், ரவுட்டர் எவ்வளவு நேரமாக நிற்காமல் ஓடுகிறது என்ற கணக்கு அது. பல ரவுட்டர்களில் வேன் (WAN, வெளியே போகும் லைன்) அல்லது இன்டர்நெட் இணைப்புக்குத் தனி அப்டைமும் இருக்கும். இரண்டையும் ஒப்பிடுங்கள். ரவுட்டர் 20 நாளாக ஓடுகிறது, இணைப்பு மட்டும் 14 நிமிடம் என்றால் லைன் பிரச்சினை. நீங்கள் தொடாமலேயே ரவுட்டரே 14 நிமிடம்தான் ஓடியிருக்கிறது என்றால் பெட்டி தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. கரண்ட், சூடு, ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்), இந்த மூன்றில் ஒன்று.

என் இரண்டு மாதக் கதை இதுதான். சாயங்காலம் ஆனால் போகும், ராத்திரி பதினொன்றுக்கு மேல் போகவே போகாது. லைன் கோளாறு என்றே முடிவு கட்டி மூன்று முறை புகார் கொடுத்து, வந்தவர் ஒவ்வொரு முறையும் "லைன் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போக, நானும் மனதுக்குள் அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். கடைசியில் அப்டைமைப் பார்த்தபோதுதான் விளங்கியது. ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. நான் செருகியிருந்தது வேறொரு பெட்டியோடு வந்த 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். பின் பொருந்தியது, லைட் எரிந்தது, அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் வீடியோ பார்க்கும்போது ரவுட்டர் அதிகக் கரண்ட் இழுக்கும், அடாப்டரால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் சட்டென்று இறங்கும், பெட்டி ரீஸ்டார்ட் ஆகும். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பிரச்சினையே இல்லை.

அடாப்டரில் பார்க்க வேண்டியது: வோல்ட் அப்படியே ஒத்துப்போக வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் பிளஸ் மைனஸ் குறியும் ஒன்றாக இருக்க வேண்டும். ரவுட்டரோடு வந்த அசல் அடாப்டராகவே இருந்தாலும் சில வருடம் ஆனால் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் காய்ந்து பலவீனமாகிவிடும், மல்டிமீட்டரில் சும்மா அளந்தால் 12 காட்டும், பாரம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். சரியான வேறொரு அடாப்டரைப் போட்டு ஒரு நாள் பார்ப்பதுதான் சுலபமான சோதனை.

சூட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், இன்னொரு சூடான பெட்டியின் மேல் வைத்திருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். அழகுக்காகத் துணி போட்டு மூடியிருந்தால், தயவுசெய்து.

ஃபர்ம்வேர் புதிதாக வந்திருந்தால் செட்டிங்ஸிலேயே அப்டேட் செய்யலாம், நடக்கும்போது கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், பாதியில் நின்றால் பெட்டி செங்கல்லாகிவிடும் வாய்ப்பு உண்டு.

லைன்

ஃபைபர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஓஎன்டி பெட்டியில், அதாவது ஃபைபர் ஒயர் வந்து சேரும் பெட்டியில், இரண்டு லைட்டுகள். பான் (PON) என்பது நிலையாக எரிந்தால் உங்கள் பெட்டிக்கும் கம்பெனியின் கருவிக்கும் தொடர்பு இருக்கிறது, விட்டு விட்டு எரிந்தால் முயற்சி செய்துகொண்டிருக்கிறது. லாஸ் (LOS) என்பது சிவப்பில் மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டால் ரவுட்டர் செட்டிங்ஸில் எதையும் மாற்றாதீர்கள், அங்கே எதைச் செய்தாலும் ஒளி வராது.

ஒயர் நசுங்கியிருக்கிறதா பாருங்கள். கதவிடுக்கு, மேஜைக் கால், சுவர் மூலையில் ஆணியடித்த கிளிப், இவைதான் வழக்கமான இடங்கள். செப்புக் கம்பியை மடித்துச் சுருட்டலாம், இதை அப்படிச் செய்ய முடியாது, கூர்மையாக வளைத்தால் ஒளி அந்த வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். மிச்சமுள்ள ஒயரைச் சுருட்டி வைப்பதானால் உள்ளங்கை அகலத்துக்காவது பெரிய வளையமாகச் சுருட்டுங்கள். கனெக்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், அடக்கிக்கொள்வது நல்லது. ஒளி செல்லும் உட்பகுதி சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிமன், ஆகவே கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி நுனியில் ஒட்டினாலே போதும், கைவிரல் பட்டால் கேட்கவே வேண்டாம். கழற்றியே ஆக வேண்டுமென்றால் நுனியைத் தொடாதீர்கள், முக்கியமாகக் கண்ணருகே வைத்து உள்ளே பார்க்காதீர்கள். வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லையே என்று பார்த்துக்கொண்டே இருப்பதில்தான் ஆபத்து.

இன்னொரு நல்ல விஷயம், பல ஓஎன்டிகளின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், அளவு டிபிஎம், எப்போதும் மைனஸில். வீடுகளுக்கு அதிகம் வரும் ஜிபான் லைன்களில் -8க்கும் -27க்கும் இடையே இருந்தால்தான் பெட்டியால் படிக்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். -20, -22 என்றால் நிம்மதி. -26, -27 என்றால் விளிம்பில் நிற்கிறது, வெயிலில் ஒயர் கொஞ்சம் விரிந்தாலோ காற்றில் ஆடினாலோ விழுந்துவிடும், நீங்கள் பார்க்கும்போது நன்றாக இருக்கும், பார்க்காதபோது போகும். ஒவ்வொரு 3 டெசிபல் இறங்கும்போதும் வந்து சேரும் ஒளி பாதியாகிறது. -21 இருந்தது -27 ஆகிவிட்டதென்றால் நாலில் ஒரு பங்குதான் வருகிறது. இந்த எண்ணை நெட் நன்றாக இருக்கும் நாளிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

பழைய டெலிபோன் லைன் வழியாக டிஎஸ்எல் வருகிறது என்றால் எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமுள்ள இடம்) என்ற எண்ணைப் பாருங்கள், 6 டெசிபலுக்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி விட வாய்ப்பு அதிகம். போனில் கரகரப்புக் கேட்டாலே லைனில் ஈரம் இறங்கியிருக்கிறது அல்லது இணைப்பு துருப்பிடித்திருக்கிறது. போன் மணி அடிக்கும்போது நெட் போனால், போனையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரை மாற்றுங்கள்.

ஓஎன்டி தனி, ரவுட்டர் தனி என்று இருப்பவர்கள் நடுவில் உள்ள லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். கிளிப் உடைந்த கேபிள் லேசாக ஆடினாலே இணைப்பு விடும். ஸ்டேட்டஸில் வேக அளவு 1000 என்று இருக்க வேண்டியது 100 என்று காட்டினால் உள்ளே ஒரு கம்பி அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம், 1000க்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும், 100க்கு நான்கு போதும். கேபிளை மாற்றிவிடுங்கள், அதைச் சீர்செய்ய மெனக்கெட வேண்டாம்.

கடிகாரம் வைத்தாற்போல் போனால்

நீங்கள் எழுதிய குறிப்பில் சரியாக ஒரு மணிக்கொரு முறை, அல்லது 24 மணிக்கொரு முறை என்று ஒழுங்காக விழுந்தால் ஒயரைத் தேட வேண்டாம், அது ஏதோ ஒரு டைமர். பிபிபிஓஇ முறையில் யூசர்நேம் பாஸ்வேர்ட் கொடுத்து இணையும் லைன்களில் குறிப்பிட்ட நேரத்துக்கொரு முறை கம்பெனியே செஷனை முறித்துவிடுவது உண்டு. 24 மணிக்கொரு முறை என்றால் ராத்திரி மூன்று மணிக்கு ரவுட்டரைத் தானாக மறு இணைப்பு செய்ய வைத்தால் பகலில் தொல்லை இருக்காது. அதே பக்கத்தில் கனெக்ட் ஆன் டிமாண்ட், ஐடில் டைம் என்று இருந்தால் எப்போதும் இணைப்பில் என்பதற்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ரவுட்டர் சமர்த்தாக லைனைத் துண்டித்துவிடும்.

பிபிபிஓஇ லைனில் சில தளங்கள் திறந்து சில தளங்கள் பாதியில் தொங்கினால் எம்டியூ (ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) எவ்வளவு என்று பாருங்கள். சாதாரணமாக 1500, பிபிபிஓஇ அதில் 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1492 என்று இருக்க வேண்டும். லாக்கில் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட் என்று வந்தால் பாஸ்வேர்ட் தவறு, அல்லது பில் கட்ட மறந்துவிட்டீர்கள்.

வைஃபை மட்டும் என்றால்

2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை எல்லோரும் ஏறும் பஸ் மாதிரி. ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டு ரவுட்டர்கள் எல்லாம் அதில்தான். ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. போனில் வைஃபை அனலைசர் போட்டுப் பார்த்து மூன்றில் எது காலியோ அதை வையுங்கள், 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் இடி வாங்க வேண்டும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், 40 வைத்தால் வேகம் கூடும் என்று தோன்றும், நெருக்கமான குடியிருப்பில் தொல்லைதான் கூடும். ரவுட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள், அந்த யுஎஸ்பியின் இரைச்சல் 2.4 மேல் விழுவது தெரிந்த கோளாறு.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சில நேரம் பெயரே காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்துத் தானாக வருகிறதா? எனக்கு ரொம்ப நாள் புரியாத விஷயம் இது. பல நாடுகளில் 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் 10 நொடிக்குள் அந்தச் சேனலை விட்டு வெளியேற வேண்டும், அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது. அதே வகையில் இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி சும்மா காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேச ஆரம்பிக்கலாம். அந்த ஒரு நிமிடம்தான் நம் நெட் போகும் நிமிடம். சேனலை ஆட்டோவிலிருந்து மாற்றி 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றில் நிலையாக வைத்தால் தீர்ந்தது.

ஒரே ஒரு போனில் மட்டும் போகிறது, மற்றவர்களுக்கு நன்றாக இருக்கிறது என்றால் ரவுட்டரை விட்டுவிட்டு அந்தப் போனில் அந்த வைஃபையை ஃபர்கெட் கொடுத்து மறுபடி சேருங்கள். விபிஎன், பேட்டரி சேவர், பிரைவேட் டிஎன்எஸ் மூன்றையும் அணைத்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த இரண்டாவது ரவுட்டர். மாடியில் சிக்னல் வரவில்லை என்று பழைய ரவுட்டரை எடுத்து மாட்டியிருப்பீர்கள். இரண்டும் 192.168.1.1 என்று சொல்லிக்கொண்டு, இரண்டும் டிஎச்சிபி மூலம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தால், எந்தச் சாதனம் யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து ஒன்றுக்கு நெட் வரும், இன்னொன்றுக்கு வராது, அரை மணி கழித்து மாறும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். பழைய ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, அதில் டிஎச்சிபியை அணைத்து, கேபிளை அதன் வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். முதல் ரவுட்டர் முகவரி வழங்கும் வரிசை 192.168.1.2ஐத் தொடாமல் இருக்கட்டும்.

டிஎன்எஸ், நெரிசல்

டிஎன்எஸ் என்றால் ஒரு நிமிட வேலை. ரவுட்டரில் டிஎன்எஸ் இடத்தில் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 இரண்டையும் போட்டுவிடுங்கள்.

நெரிசல் என்றால் குற்றவாளி பெரும்பாலும் அப்லோட். யாருடைய போனோ ஐந்நூறு போட்டோக்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், மேலே போகும் பாதை நிரம்பினால் கீழே வருவதும் நின்றதுபோல் ஆகிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு டவுன்லோடுக்கும் வந்து சேர்ந்தது என்ற பதில் மேலேதான் போக வேண்டும். அந்த ஏற்றத்தை நிறுத்தியதும் பிங் பழையபடி 20க்கு இறங்கினால் உறுதி. ரவுட்டரில் நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் (SQM) அல்லது கியூஓஎஸ் (QoS) இருந்தால் அப்லோட் வேகத்தை உண்மையில் கிடைப்பதில் 90 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள்.

ரீசெட் பற்றி

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊசியை விட்டுப் பத்து நொடி அழுத்தினால் எல்லா செட்டிங்ஸும் போய்விடும், பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்ட், கம்பெனி கொடுத்த விலேன் (VLAN) எண் எல்லாமும் சேர்த்து. அவை கையில் இல்லாமல் ரீசெட் செய்தால் விட்டு விட்டு வந்த நெட் அடியோடு நின்றுவிடும். செட்டிங்ஸ் பக்கங்களை முதலில் போட்டோ எடுங்கள், பேக்கப் வசதி இருந்தால் எடுத்துவையுங்கள், அப்புறம் அழுத்துங்கள். நான் இதை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் பார்த்த பிறகு லைன்தான் என்று தெரிந்தால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்யுங்கள், ஆனால் "நெட் அடிக்கடி போகுது" என்று சொல்லாதீர்கள், ரீஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். "மூணு நாள்ல பதினோரு தடவை போயிருக்கு, நேரம் குறிச்சு வச்சிருக்கேன், கேபிள்ல நேரா இணைச்சும் பார்த்தாச்சு, ரவுட்டர் பதில் சொல்லுது, 8.8.8.8 சொல்லல, ஆப்டிகல் பவர் -28" என்று சொல்லிப் பாருங்கள், ஆள் வருவார். வந்தவர் வேலை முடித்துக் கிளம்பும் முன் அதே ஸ்டேட்டஸ் பக்கத்தை அவர் எதிரிலேயே திறந்து பாருங்கள். -28 இருந்தது -21 ஆகியிருந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். -27 என்று காட்டினால் அவரை வாசலைத் தாண்ட விடாதீர்கள்.